முகத்தைப் பார்த்து மனசைச் சொல்லும் இயந்திரம் தோட்ட டிஸ்பென்சரிக்கு உதவுமா?

மலையகத்தில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் ஒரு மாஸ்டர் கேட்டிருந்தார்: "எங்கள் டிவிஷனில் பிறந்து இப்போது கனடாவில் இருக்கும் ஒருவர், முகத்தையும் குரலையும் வைத்து மனநிலையைச் சொல்லும் செயலி ஒன்றும், கையில் கட்டும் பட்டிகள் பத்தும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். டிஸ்பென்சரியில் வைத்தால் மனச்சோர்வில் இருப்பவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமாம். இது உண்மையிலேயே நடக்கிற காரியமா?"

மாஸ்டர், கைப்பட்டியால் சிலருக்குப் பயன் உண்டு. முகம் பார்க்கும் செயலியில் காசைப் போட வேண்டாம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும். குரலையும் உடல் சமிக்ஞைகளையும் கணினியில் ஆராய்வது என் தொழில். பிறந்து வளர்ந்தது தலவாக்கலைக்கு மேலே ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில். அதனால் இரண்டு பக்கமும் ஓரளவு தெரியும்.

இந்தத் துறைக்கு அஃபெக்டிவ் கம்ப்யூட்டிங் என்று பெயர். தமிழில் உணர்வறி கணிமை எனலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருக்கும் ரோசலிண்ட் பிக்கார்ட் 1995இல் ஒரு கட்டுரையாக எழுதி, 1997இல் அதே பெயரில் புத்தகமாகவும் போட்ட பிறகுதான் இது தனித்துறையாக நிமிர்ந்தது. பெயரைக் கேட்டால் கணினிக்கு மனசு தெரிகிற மாதிரி இருக்கும். ஆனால் கவலைக்கென்று ஒரு சென்சர் கிடையாது. உள்ளங்கை வேர்வை, நாடித் துடிப்பு, முகத்துத் தசை அசைவு, குரலின் ஏற்ற இறக்கம் இவ்வளவும்தான் அளக்கக் கிடைக்கும். அதற்கு மேலே "இவர் கவலையாக இருக்கிறார்" என்பது ஊகம். அளவு சரியாக இருக்கலாம், ஊகம் பிழைக்கலாம். விற்கிறவர்கள் இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டித் தருவார்கள். பிரித்துப் பார்க்க வேண்டியது வாங்குகிறவர் பாடு.

வேர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். பயமோ பதற்றமோ வந்தால் உள்ளங்கை லேசாக ஈரமாகும், நமக்கே தெரியாத அளவு. ஈரமானால் தோல் மின்சாரத்தை இன்னும் கொஞ்சம் நன்றாகக் கடத்தும். இரண்டு முனைகளை வைத்து அதை மைக்ரோசீமென்ஸ் கணக்கில் அளக்கலாம். இது பழைய வித்தை. 1900களின் முதல் பத்தாண்டிலேயே கார்ல் யுங் என்ற சுவிஸ் மனநல மருத்துவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, எந்தச் சொல்லுக்கு மின்மானியின் முள் துள்ளுகிறது என்று பார்த்திருக்கிறார். ஆனால் அந்த முள் எதற்குத் துள்ளியது என்று கருவிக்குத் தெரியாது. மகன் வெளிநாட்டிலிருந்து போன் எடுத்தாலும் துள்ளும், கடன்காரர் வாசலில் வந்து நின்றாலும் துள்ளும்.

போன வருடம் தை மாதம் ஊருக்குப் போனபோது இப்படி ஒரு பட்டியை அத்தையின் கையில் கட்டிப் பார்த்தேன். நாற்பது வருடம் கொழுந்து எடுத்த கை. விரல் நுனியெல்லாம் காய்ப்புக் காய்த்து, கறை ஏறி, தோல் தடித்துப் போயிருக்கிறது. காலை ஏழு மணி, வெளியே பனி. பத்து நிமிடமாகத் திரையில் கோடு நேராகவே ஓடியது. அந்தக் கோட்டை நம்பினால் அத்தை கல். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து கை சூடேறியதும் கோடு மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. அதற்கும் மனசுக்கும் சம்பந்தமில்லை, அடுப்புச் சூடுதான். குளிரில் கையிலிருக்கும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், வேர்வையும் குறையும். பச்சை வெளிச்சம் பாய்ச்சி நாடி பார்க்கும் கைக்கடிகாரங்களும் அப்போது தடுமாறும். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் மாணவர்களின் மெல்லிய விரலில் பழக்கிய கருவி, மலையில் நனைந்து வருகிற கைக்கு அப்படியே பொருந்திவிடாது.

தோலின் நிறமும் ஒரு விஷயம். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவியை கொவிட் காலத்தில் எல்லோருமே பார்த்திருப்போம். ஒட்சிசன் குறைந்திருப்பதை அது வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவர்களிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. ஒளியை வைத்து அளக்கும் எந்தக் கருவியைப் பற்றியும் "எங்கள் நிறத்தில் சோதித்தீர்களா?" என்று கேட்பது நம் உரிமை.

சரி, முகத்துக்கு வருவோம். இதன் வேர் போல் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர். கோபம், பயம், சோகம், மகிழ்ச்சி, அருவருப்பு, வியப்பு என்ற ஆறும் உலகில் எல்லா மனிதருக்கும் ஒரே முகபாவத்தில் வரும் என்றார். 1978இல் ஃப்ரீசன் என்பவரோடு சேர்ந்து முகத் தசை அசைவு ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு ஒரு அட்டவணை செய்தார். கணினிக்காரர்களுக்கு அது அல்வா மாதிரி. அசைவைக் கண்டுபிடி, எண்ணைக் கூட்டு, உணர்ச்சியின் பெயரைச் சொல், வேலை முடிந்தது. ஆனால் 2019இல் உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் வேறு சில ஆய்வாளர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது அந்த அஸ்திவாரம் ஆட்டம் கண்டது. கோபப்படுகிறவர்கள் முகத்தைச் சுளிப்பது சராசரியாக நூற்றுக்கு முப்பது தடவைதான். மீதித் தடவைகளில் வேறு ஏதாவது செய்கிறார்கள், அல்லது ஒன்றுமே செய்வதில்லை. கோபமில்லாமல் வெறும் யோசனையில் முகம் சுளிக்கிறவர்களும் நிறைய. 2022இல் மைக்ரோசொஃப்ட் தன் முக ஆய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சி சொல்லும் பகுதியையே எடுத்துவிட்டது. இவ்வளவு பெரிய நிறுவனம் கைவிட்டதைத்தான் சின்னச் சின்ன விற்பனையாளர்கள் இன்னும் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள்.

அத்தையின் முகத்தையும் அன்றைக்கே மடிக்கணினிக் கமராவில் காட்டினேன். இலவசமாகக் கிடைக்கும் ஒரு நிரல்தான். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கியிருந்தபோது திரையில் "அருவருப்பு" என்று வந்தது. "நல்ல வெத்திலைக்குப் போய் அருவருப்பா?" என்று அத்தை சிரித்தார். அது வேடிக்கை. அடுத்தது வேடிக்கையல்ல. மாமா செத்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தது. மழையில் லொறி கிடைக்காமல், படங்கு போர்த்தி நான்கு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கியதை அத்தை சொன்னார். சொல்லும்போது முழு நேரமும் ஒரு சிரிப்பு. நம் பெண்களுக்கு அந்தச் சிரிப்பு இருக்கிறதே, துக்கத்தைப் பிறர் மேல் சாய்க்கக் கூடாது என்று முன்னே பிடிக்கிற குடை மாதிரியான சிரிப்பு. திரையில் பச்சை எழுத்தில் "மகிழ்ச்சி" என்று நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினி அதைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய் அத்தைக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார்.

டொக்டர் முன்னால் உட்காரும்போது இது இன்னும் கூடும். மரியாதைக்கு ஒரு சிரிப்பு, பயத்துக்கு ஒரு சிரிப்பு. பார்க்கின்சன் நோயாளிக்கோ தசை இறுகி முகம் அசையவே அசையாது. உள்ளே சந்தோஷம் இருந்தாலும் வெளியே வராது. முகத்தை மட்டும் நம்பினால் இவர்கள் எல்லோரையும் தப்பான வரிசையில் நிறுத்துவோம்.

அப்படியானால் இந்தத் தொழில்நுட்பம் முழுக்க ஏமாற்றா? இல்லை. எதை அளக்கிறோமோ அதுவே நோயாக இருக்கிற இடத்தில் அது அருமையாக வேலை செய்யும். பிக்கார்டின் ஆய்வுகூடத்தில் நடந்த கதை ஒன்று உண்டு. ஒரு மாணவர், ஓட்டிசம் உள்ள தன் தம்பிக்குப் பேச வராது, அவனுக்கு எப்போது பதற்றம் வருகிறது என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, விடுமுறைக்கு வேர்வைப் பட்டிகள் இரண்டை இரவல் வாங்கிப் போனார். ஒரு பக்கத்து மணிக்கட்டில் மட்டும் அளவு கூரையைத் தொட்டது. கருவி பழுது என்றுதான் பிக்கார்ட் முதலில் நினைத்தாராம். விசாரித்தால், சற்று நேரத்தில் அந்தப் பையனுக்குப் பெரிய வலிப்பு வந்திருக்கிறது. அந்தத் தற்செயல்தான் வலிப்பைக் கண்டுபிடிக்கும் கைப்பட்டியாக வளர்ந்தது. எம்பாட்டிகா நிறுவனத்தின் எம்ப்ரேஸ் கடிகாரத்துக்கு 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. கை வெட்டி இழுப்பதையும் வேர்வை எகிறுவதையும் சேர்த்துப் பார்த்து, வீட்டாரின் போனுக்குத் தகவல் அனுப்பும். உங்கள் டிவிஷனில் வலிப்புக்கு மருந்து எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் இந்த மாதிரிக் கைப்பட்டியைப் பற்றி அவர்களுடைய டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். ஒன்று மட்டும், அந்தத் தகவல் போய்ச் சேர சிக்னல் வேண்டும். எங்கள் தோட்டத்தில் சிக்னல் கோயிலடியில் மட்டும்தான். பிள்ளை இரவில் படுப்பது லயத்தில்.

இன்னொன்று வலி. மறதி நோய் முற்றிப் பேச்சும் போன முதியவருக்கு எங்கே நோகிறது என்று சொல்ல வராது. பெயின்செக் என்ற அவுஸ்திரேலியச் செயலி போனின் கமராவில் முகத்தின் நுண் அசைவுகளைப் பார்க்கிறது. ஆனால் அதோடு விட்டுவிடுவதில்லை. மொத்தம் 42 குறிகளில் முகத்துக்கு 9தான். முனகல், நடை, தூக்கம், தொட்டால் கையைத் தட்டிவிடுவது போன்ற மற்றதையெல்லாம் பராமரிப்பவரே பார்த்துக் குறிக்க வேண்டும். எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கணக்குத்தான். இயந்திரம் ஒரு பங்கைப் பார்க்கிறது, மீதி கிட்டத்தட்ட நாலு பங்கைக் கட்டிலருகே நிற்கும் மனிதர் பார்க்கிறார்.

குரலைப் பற்றி மற்றவற்றைவிட எனக்குக் கொஞ்சம் அதிகம் சொல்ல இருக்கிறது. மனச்சோர்வில் இருப்பவரின் பேச்சு மெதுவாகும், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி நீளும், ஏற்ற இறக்கம் தட்டையாகும். இது உண்மை, பல ஆய்வுகளில் வந்தது. ஆனால் காலை ஆறரைக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், மலை ஏறி இறங்கி, சாயங்காலம் மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவரின் பேச்சும் அப்படித்தான் இருக்கும். சோர்வும் மனச்சோர்வும் குரலில் அண்ணன் தம்பி.

சரி, இந்தக் கணினிகள் சோகக் குரலை எங்கே படித்தன? உலகம் முழுக்கப் பயன்படும் ராவ்டெஸ் என்ற குரல் தொகுப்பு 2018இல் வெளிவந்தது. தொழில்முறை நடிகர்கள் 24 பேர், வட அமெரிக்க உச்சரிப்பில், இரண்டே இரண்டு வாக்கியங்களைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். கதவருகே பிள்ளைகள் பேசுகிறார்கள் என்பது ஒன்று, கதவருகே நாய்கள் உட்கார்ந்திருக்கின்றன என்பது மற்றது. அதையே கோபமாக, சோகமாக, பயமாக. எத்தனையோ செயலிகளுக்கு அரிச்சுவடி அந்த நாய்கள்தான். தமிழுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. இலங்கைத் தமிழ்ப் பேச்சை வைத்து எமோட்டா என்ற தொகுப்பு 2025இல் வந்திருக்கிறது. 22 பேர், 936 பதிவுகள், ஐந்து உணர்ச்சிகள். நல்ல தொடக்கம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதுவும் சொல்லிக் காட்டிய சோகம்தான், பட்ட சோகம் அல்ல. 22 பேரின் குரலை வைத்துப் பதுளையிலிருந்து மஸ்கெலியா வரை எல்லோருடைய நெஞ்சையும் எடை போட முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல், நம் ஆட்கள் சோகத்தைச் சோகம் என்று சொல்வதில்லை. "மனசு சரியில்ல" என்று வந்தால் அதுவே பெரிய விஷயம். பெரும்பாலும் "தலை கிறுகிறுங்குது", "ஒடம்பெல்லாம் நோவு", "நெஞ்சுக்குள்ள பந்து மாதிரி அடைக்குது" என்றுதான் வரும். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அம்மாவோடு ஒரு வைத்தியசாலைக்குப் போனேன். அம்மா அந்தப் பந்தைத்தான் சொன்னார். டொக்டருக்குத் தமிழ் தெரியாது, நல்ல மனிதர். நின்றிருந்த சிற்றூழியர் ஒருவர் சிங்களத்தில் "பப்புவே அமாருவ" என்றார். நெஞ்சில் வருத்தம், அவ்வளவுதான். ஈசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை. குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த மாதம்தான் பெரியக்கா வேலைக்கென்று கொழும்புக்குப் போய், தகவலே இல்லாமல் இருந்தார். அது அந்த இரண்டு சொல்லில் எங்கே வரும்? அம்மாவுக்கு அன்று ஒரு நாள் பேரும், அதாவது அன்றைய நாட்சம்பளமும், போனது.

அந்த அறையில் உலகத்திலேயே சிறந்த செயலி இருந்திருந்தாலும் என்ன செய்திருக்கும்? நாடி வேகம், குரல் தட்டை என்று சொல்லியிருக்கும். அக்காவைப் பற்றி யார் கேட்பது?

ஆனாலும் இயந்திரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதை மறைத்தால் நான் நேர்மையற்றவன். 1966இல் ஜோசப் வைசென்பாம் என்ற கணினி அறிஞர் எலிஸா என்று ஒரு சின்ன நிரல் எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் ஆட்கள் அதனிடம் மனம் திறந்ததைப் பார்த்து எழுதியவரே மிரண்டு போனார். 2014இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எல்லி என்ற, கணினித் திரையில் தோன்றிப் பேசும் பெண்ணுருவை வைத்துச் சோதித்தபோது, அவளைப் பின்னாலிருந்து ஒரு மனிதர் இயக்குகிறார் என்று நம்பியவர்களைவிட, வெறும் கணினி என்று நம்பியவர்கள் அதிகம் மனம் விட்டுப் பேசினார்கள். காரணம் ஊகிக்கக் கடினமில்லை. கணினி ஊரில் போய்ச் சொல்லாது. லயத்தில் இருமினாலே நாலாவது காம்பிராவுக்குக் கேட்கும். அங்கே வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் ஊரில் போய்ச் சொல்லாது என்பதற்கு யார் பொறுப்பு? உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவதே இதுதான். பட்டிகள் டிஸ்பென்சரியில் இருக்கும். டிஸ்பென்சரி தோட்டத்தின் கையில். "இன்னார் மனச்சோர்வு" என்று ஒரு பட்டியல் உருவானால், நாளைக்கு அது ஆபீசுக்குப் போகாது என்று எழுதித் தருவது யார்? பேர் போடும்போது அந்தப் பட்டியல் யார் மேசையில் இருக்கும்? ஐரோப்பிய ஒன்றியம் வேலைத்தலத்திலும் பாடசாலையிலும் உணர்ச்சியைக் கண்டறியும் கணினிகளை 2025 பெப்ரவரியிலிருந்து தடை செய்திருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. தோட்டத்தில் வேலைத்தலம் எது, வைத்தியம் எது, வீடு எது என்று கோடு கிழிக்கவே முடியாது, எல்லாம் ஒரே வேலிக்குள்ளே. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாக வைத்திருக்கிறது. விற்கிறவர் அந்தப் பெயரைக் கேட்டதும் முழிக்கிறாரா என்று பாருங்கள். கொம்பனி மூடிவிட்டால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். வோபொட் என்ற பெயர்பெற்ற மனநல உரையாடல் செயலியே 2025 ஜூன் மாதக் கடைசியில் நிறுத்தப்பட்டுவிட்டது.

ஒரு சின்ன விலகல். 1990களின் நடுவில் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 47 அளவில், உலகிலேயே மேல் வரிசையில் இருந்தது. பிறகு 70 வீதத்துக்கும் மேல் இறங்கியது. அதற்கு முக்கிய காரணம், மிகக் கொடிய பூச்சிநாசினிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. யாருடைய மனசையும் எந்தக் கணினியும் படிக்கவில்லை. எட்டும் தூரத்தில் இருந்த போத்தலை அகற்றினார்கள், அவ்வளவுதான். தோட்டத்தில் மருந்து அடிக்கும் சாமான்கள் எங்கே பூட்டி வைக்கப்படுகின்றன என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். பத்துப் பட்டியைவிட ஒரு நல்ல பூட்டு பெரிய காரியம் செய்யும்.

கனடாக்காரர் எப்படியும் அனுப்பத்தான் போகிறார் என்றால், நாடியும் தூக்கமும் பார்க்கிற பட்டியை மட்டும் கேளுங்கள். ஏற்கெனவே கிளினிக் போய் வருகிறவர்களுக்கு, அவர்கள் சம்மதித்தால், டொக்டருக்கும் தெரிந்து கட்டுங்கள். அளவை ஊராரோடு ஒப்பிட வேண்டாம், அவரவருடைய போன மாதத்தோடு ஒப்பிடுங்கள். போன மாதம் இரவில் ஆறு மணி நேரம் தூங்கியவர் இந்த மாதம் மூன்று மணி நேரம்தான் தூங்குகிறார் என்றால், குளிரும் காய்ப்பும் நிறமும் இரண்டு மாதத்துக்கும் ஒன்றுதானே, அந்த வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். அதைப் பார்த்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து "என்னக்கா, தூக்கம் இல்லியா?" என்று தமிழில் கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதம் ஒரு தொகை கொடுக்க கனடாக் காசு வந்தால் முதலில் அதைத்தான் வாங்கிக்கொள்வேன். பிள்ளைக் காம்பிராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவோ, மருத்துவிச்சியோ, ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளையோ, வாய் காக்கிற யாராக இருந்தாலும் சரி. பயிற்சிக்கு மாவட்ட மனநலப் பிரிவில் போய்க் கேளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். ஒட்டுமுன் நீங்களே ஒரு தடவை அழைத்து, தமிழில் யார் பேசுகிறார்கள், எவ்வளவு நேரத்தில் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

அந்த முகச் செயலியை இலவசமாகச் சோதித்துப் பார்க்கத் தருகிறார்கள் என்றால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தைப்பொங்கலுக்கு நான் ஊரில் இருப்பேன், எடுத்துக்கொண்டு வாருங்கள். அத்தை முன்னால் வைப்போம். வெற்றிலையைத் துப்பிவிட்டு உட்காரச் சொல்கிறேன், அது மட்டும்தான் நான் செய்யக்கூடிய உதவி. மதினியும் பக்கத்தில் இருக்கட்டும், யார் முதலில் சரியாகச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.